நீலக் கோடு போட்ட நாற்பது

ஜனவரி 24

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் பன்றிகள் நூற்றுப் பதினெட்டும் செத்துவிட்டன. எழுபத்து மூன்றைக் கும்பல் கம்பியாலும் கட்டையாலும் அடித்தே கொன்றது. மிச்சம் நாற்பத்தைந்தை மறுநாள் சுகாதாரத் துறை ஆட்கள் ஊசி போட்டுக் குழியில் தள்ளி, மேலே சுண்ணாம்பைக் கொட்டி மூடினார்கள். கொட்டில் கூரை எரிந்து இரும்புச் சட்டம் மட்டும் நிற்கிறது. யாராவது மென்று முழுங்கிச் சொல்லி நீ கேட்பதைவிட நானே போட்டு உடைத்துவிடுவது மேல் என்றுதான் முதல் வரியிலேயே எழுதினேன்.

நீ எப்படி இருக்கிறாய்? விலா எலும்புக்குக் கட்டுப் போட்டார்களா? சாப்பாடு வாயில் வைக்கிற மாதிரி இருக்கிறதா? இங்கே உன் அண்ணியும் நானும் நலம்.

மாப்பிள்ளையும் நலம் என்று எழுதினால் அது வியாபாரப் பேச்சு. காய்ச்சலில் விழுந்தவர் இன்னும் மூச்சு இயந்திரத்தில்தான் இருக்கிறார். தொண்டைக்குள் குழாய். பிடுங்கி எறிகிறார் என்று இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது கொஞ்சம் தெளிந்திருக்கிறது என்று நர்ஸ் சொன்னாள்.

மர மில்காரர் மகனின் கை போனது போனதுதான். ஐஸ் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஒட்டவில்லை. உன்மேல் கொலை முயற்சி வழக்கு. அது போதாதென்று மில்காரர் இன்னொரு புகாரும் கொடுத்திருக்கிறார்: பன்றிக்குக் காய்ச்சல் வந்ததை நீ மறைத்தாய், அதனால்தான் பிள்ளைத்தாய்ச்சியான அவர் மருமகள் செத்தாள் என்று. வக்கீலம்மாவுக்கு முதல் வழக்கைவிட இரண்டாவதுதான் தலைவலி. அது நிரூபணமாகிவிட்டால் முதலாவதற்கும் நீதிபதி இரக்கம் காட்ட மாட்டாராம்.

ஜெயிலில் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுப்பார்கள். நோய் எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது என்று யார் கேட்டாலும் வாயைத் திறக்காதே. எழுதவும் செய்யாதே. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அண்ணன்


ஜனவரி 31

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். விலா இரண்டு முறிந்திருக்கிறது. சிரித்தால்தான் வலிக்கிறது, அதனால் தொந்தரவில்லை. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

எழுதாதே என்றாய். நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும். படிக்கிற வார்டர் அம்மாவும் படித்துக்கொள்ளட்டும்.

பதினெட்டாம் தேதி மதியம் அந்தப் பெண்ணைப் புதைத்த கையோடு நேரே என் பண்ணைக்கு வந்தார்கள். கம்பியைத் தார்ச்சாலையில் இழுத்துக்கொண்டு வருகிற சத்தம்தான் முதலில் கேட்டது. அறுபது பேர் இருப்பார்கள். எல்லோர் மூக்கிலும் துணி. நோய்க்குப் பயந்து கட்டியதா, முகம் தெரியக் கூடாது என்று கட்டியதா, தெரியாது. ஆனால் கடனுக்கு டீ கொடுத்தவன் குரல் எனக்குத் தெரியாதா?

“பன்னிக்காரி! எங்க வீட்டுப் பொண்ணையும் வயித்துப் புள்ளையையும் சேத்துக் கொன்னுட்டியேடி!”

“பன்னிக்கெல்லாம் போன வாரமே சரியாயிடுச்சு. என் வீட்டுக்காரரே ஆஸ்பத்திரியில கெடக்குறாரு. உள்ள வராதீங்க, கும்பிட்டுக் கேக்குறேன்” என்றேன். கேட்டைச் சாய்த்து, என்னையும் அதன்மேல் போட்டு மிதித்துக்கொண்டு போனார்கள்.

பன்றிக்கு மண்டை கெட்டி அண்ணா. உனக்குத் தெரியும். ஒரே அடியில் சாகாது. அவர்களுக்குத் தெரியவில்லை. அடி பட்டது எழுந்து ஓட, இன்னொருவன் காலை ஒடிக்க, அது முன்னங்காலால் இழுத்துக்கொண்டு போக, சிரித்தார்கள். அழுதுகொண்டே அடித்தவர்களும் இருந்தார்கள். அந்தக் கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது.

தாய்ப் பன்றி மகராணி அப்போது ஈன்றுகொண்டிருந்தாள். ஏழு குட்டி விழுந்து எட்டாவது பாதி வெளியே. அவள் தடுப்புக்குள் மில்காரர் மகன் புகுந்தான். குட்டியின் பின்னங்காலைப் பிடித்துச் சுவரில் அடித்தான். ஒன்று. இரண்டு. மூன்று. ஈரத் துணியைக் கல்லில் அறைகிற சத்தம். துணி நழுவியிருந்த அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. கோபம்கூட இல்லை. நாலாவது குட்டியைப் பிடித்தபோது தீவனம் வெட்டுகிற அரிவாள் என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. கை வைக்கோலில் விழுந்தது. விழுந்த பிறகும் அது குட்டியின் காலை விடவில்லை. குட்டி அந்தக் கையையும் இழுத்துக்கொண்டு நாலடி ஓடியது.

அதன் பிறகு என்னை அடித்தார்கள். அது சரி.

இவர் கண் திறந்தாரா? கட்டியிருக்கிற கை வீங்காமல் பார்க்கச் சொல். மகராணி எப்படிச் செத்தாள் என்று தெரிந்தால் எழுது.

கேட்கவே மறந்தேன். பண்ணைக்கு வந்த அன்று உன் கண் சிவந்திருந்தது, குரலும் கம்மியிருந்தது. அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா?

அன்புடன்
தங்கச்சி


பிப்ரவரி 8

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விலா கூடும்வரை தரையில் படுக்காதே, சுவரில் சாய்ந்து தூங்கு. அண்ணி நலம். நீ கேட்ட எல்லாவற்றுக்கும் வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை கண் திறந்துவிட்டார். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார், குழாய் இருந்ததால் முடியவில்லை. கையில் வீக்கம் இல்லை.

மகராணி அடியில் செத்தாளா, ஊசியில் செத்தாளா என்று தெரியவில்லை. குழியைத் தோண்டிப் பார்க்க முடியாது.

சந்தை செத்துக் கிடக்கிறது. கறி தின்றால் காய்ச்சல் வருமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமலே போய்விடுகிறார்கள். நன்றாக வெந்த கறியில் வராதய்யா, பக்கத்தில் நின்று இருமுகிறானே அவனிடமிருந்துதான் வரும் என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். கேட்டவன் என் முகத்திலேயே இருமிவிட்டுப் போகிறான். இருபத்தாறு வருஷமாகப் பன்றி பிடித்து விற்கிறேன், இப்படி ஒரு மாதத்தைப் பார்த்ததில்லை. போன வாரம் இரண்டு பேர் என் கடைப் பலகையைக் கழற்றி அதாலேயே என் முதுகில் போட்டார்கள்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். டிசம்பர் கடைசியில் குட்டிக்காரரிடம் இருபது குட்டி வாங்கினாய் அல்லவா? நோய் அந்தக் குட்டிகளோடு வந்தது, உனக்குத் தெரியாமல் உன் தலையில் கட்டிவிட்டார் என்று சொன்னால் மறைத்தாய் என்கிற புகார் அடிபட்டுப் போகும். வக்கீலம்மா காகிதம் கொண்டு வருவார். படித்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் கையெழுத்துப் போடு. குட்டிக்காரருக்கு என்ன, ஓர் அபராதத்தோடு போகும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

இவர் கண் திறந்தார் என்று படித்தவுடன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்த ஒரு வரிக்காக உன் காலில் விழலாம்.

இங்கே போன செவ்வாய்க்கிழமை ஒருத்திக்குக் காய்ச்சல் கண்டது. குளிர் நடுக்கம், தொண்டை எரிச்சல், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி, அப்புறம் வாந்தி. அவ்வளவுதான். “பன்னியக்காதான் கொண்டாந்தா” என்று ஒருத்தி ஆரம்பித்தாள். எட்டுப் பேர் சேர்ந்து என்னைத் தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்துப் போய்த் தலையை முக்கினார்கள். இருமல் போகட்டுமாம். எனக்கு இருமலே இல்லை. மூன்றாவது முக்கலில் ஒருத்தியின் விரலைக் கடித்தேன், எலும்பு பல்லில் பட்டது. அப்போதுதான் விட்டார்கள். இப்போது என் பக்கத்தில் யாரும் படுப்பதில்லை. இடம் தாராளமாக இருக்கிறது.

ஜெயில் டாக்டர் நல்ல மனிதர். காதில் போன தண்ணீரை எடுத்துக்கொண்டே பேசினார். “பன்னிதான் நமக்குக் குடுக்குதுன்னு நெனைக்கிறாங்கம்மா. நம்மகிட்டேருந்தும் பன்னிக்குப் போகும். காய்ச்சக்காரன் ஒருத்தன் கொட்டிலுக்குள்ள நின்னு இருமினாப் போதும். பன்னி ஒரு வாரம் இருமிட்டு எந்திரிச்சிடும். மாட்டிக்கிறது வயித்துப் புள்ளக்காரியும் நெஞ்சு பலவீனமானவனும்தான்.”

அதிலிருந்து நானும் நாள் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். குட்டிக்காரரின் இருபது குட்டியும் கடைசிக் கொட்டிலில் தனியாக இருந்தன. அவை கடைசியாகத்தான் இருமின. கையெழுத்துப் போட மாட்டேன், அது பொய்.

முதலில் இருமியது ஜனவரி ஐந்தாம் தேதி. நாய் குரைக்கிற மாதிரி வறட்டு இருமல். மூக்கில் கோழை, கண்ணில் பீளை, தீவனத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்துக் கிடந்தன. தொட்டால் சூடு கையைச் சுட்டது. அன்றைக்குத்தான் உன் லாரி வந்தது. சரக்கு இருமுகிறது, வேண்டாம் என்று வெறும் லாரியைத் திருப்பிக்கொண்டு போகச் சொன்னாய். நினைவிருக்கிறதா? அன்று இருமியவை எல்லாம் நீ மூன்று நாள் முன்னால் வந்து பொறுக்கி, முதுகில் நீலக் கோடு போட்ட நாற்பதும்தான். அவற்றைத் தவிர ஒன்றுகூட இல்லை.

அது ஏன் அண்ணா?

உன் உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் வரவில்லை.

தங்கச்சி


மார்ச் 12

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கடையில் ஆள் இல்லை, கணக்கு முடிக்கிற மாதம், அதனால் எழுதத் தாமதம்.

மாப்பிள்ளைக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுகிறார். பேசுகிறார், ஆனால் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. மனு போட்டு உன்னைப் பார்க்க வருவார்.

இன்னொரு சேதி. நீ வேறு யார் வழியாகவாவது கேள்விப்படுவாய். போன ஞாயிற்றுக்கிழமை குட்டிக்காரர் வீட்டுக்குள் புகுந்துவிட்டார்கள். அவரைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டி, தாடையை உடைத்திருக்கிறார்கள். சினைப் பன்றி பதினொன்றையும் கொட்டிலுக்குள் வைத்தே பூட்டிப் பெட்ரோல் ஊற்றியிருக்கிறார்கள். கதவு இரும்பு. உள்ளே அவை முட்டி முட்டிக் கதவே வெளிப்பக்கம் புடைத்துவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், குழல் வைத்துத்தான் குடிக்கிறார். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். என்னை ஆறுதல் சொல்ல வந்தவன் என்று நினைத்துவிட்டார்.

நான் வக்கீலம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன். அப்புறம் சந்தையில், டீ குடிக்கிற இடத்தில், ஒரே ஒரு தடவை வாய் தவறிச் சொன்னேன். இவ்வளவு தூரம் போகும் என்று யார் கண்டது?

வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் நிறையக் குடி.

அண்ணன்


மார்ச் 17

அண்ணன் அவர்களுக்கு,

இங்கு நான் நலம். நீங்கள் இப்போது நலமா என்று நான் கேட்கவில்லை. ஜனவரி இரண்டாம் தேதி நலமாக இருந்தீர்களா?

நேற்று என் வீட்டுக்காரர் வந்திருந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்:

“அன்னிக்கு ஒங்கண்ணன் ரெண்டு தடவ மாத்திர முழுங்கினாருடி. ஒடம்பு கொதிக்குதே, போய்ப் படுங்களேன்னேன். ‘தங்கச்சிகிட்ட மூச்சு விடாதீங்க மாப்ள, காய்ச்சலோட வந்தா அவ கேட்டுக்குள்ளயே விடமாட்டா’ன்னு சொல்லிச் சிரிச்சாரு. ரெண்டு பேரும் ஒரே டம்ளர்லதான் டீ குடிச்சோம்.”

ஒரு சொல்லில் பதில் எழுதினால் போதும். ஆமாம் அல்லது இல்லை.

தங்கை


ஏப்ரல் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம், நலமறிய ஆவல். இத்துடன் சோப்பு நான்கு, துண்டு இரண்டு, தலைவலித் தைலம் ஒன்று அனுப்பியிருக்கிறேன். மாப்பிள்ளைக்கு வாரம் ஒரு தடவை பழம் கொடுத்தனுப்புகிறேன். அண்ணிக்குக் கால் வலி. மழை வரும் போல இருக்கிறது, வரவில்லை. வக்கீலம்மா வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்.

மற்றவை நேரில்.

அண்ணன்


ஏப்ரல் 10

அண்ணன் அவர்களுக்கு,

சோப்பையும் துண்டையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தைலத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். நான் விரலைக் கடித்தவளுக்குத் தலைவலி.

வருகிற மாதம் பதினாலாம் தேதி விசாரணை. வெட்டியது நான். அந்த ஆளின் வலது கை அது. மரம் அறுக்கிறவனுக்கு வலது கை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பெண்டாட்டியைப் புதைத்த அன்று கையையும் இழந்தான். அதற்கு எத்தனை வருஷம் சொன்னாலும் இருப்பேன், முகம் சுளிக்க மாட்டேன். ஆனால் என் பன்றியால் அந்தப் பெண் செத்தாள், தெரிந்தே மறைத்தவள் நான் என்று எழுதியிருக்கிறார்களே, அதற்காக ஒரு நாள்கூட இருக்க மாட்டேன். அங்கே யாராவது நின்று உண்மையைச் சொல்லாவிட்டால் பத்து வருஷம் என்கிறார் வக்கீலம்மா.

எனக்காக வேண்டாம். தாடை உடைந்தவர் எழுந்து உங்களுக்கு நாற்காலி போட்டாரே, அந்த நாற்காலியில் எப்படி உட்கார்ந்தீர்கள்?

இனி நானாக எழுத மாட்டேன்.

தங்கை


ஏப்ரல் 27

தங்கச்சிக்கு,

ஆமாம்.

முதல் தேதி காலையிலேயே காய்ச்சல் அடித்தது. இரண்டாம் தேதி உன் பண்ணைக்கு வரும்போது நிற்க முடியவில்லை. கறித் தொழிற்சாலைக்கு ஐந்தாம் தேதி நாற்பது உருப்படி என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஒரு நாள் தவறினால் அந்த இடத்தில் வேறொருவன் நிற்பான். மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம் தாங்கும் என்று நினைத்தேன். கேட்டில் நீ வைத்திருந்த மருந்துத் தண்ணீரில் செருப்பை நனைக்கச் சொன்னாய், முகக்கவசம் கொடுத்தாய். செருப்பை நனைத்தேன். கவசத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கட்டினால் என் தொழில் நடக்காது.

என் தொழில் உனக்குத் தெரியும். மற்ற வியாபாரி எடை பார்ப்பான், தொடையைத் தட்டிப் பார்ப்பான். நான் பன்றியின் மூக்கை இரண்டு கையாலும் பிடித்து, என் முகத்தை அதன் முகத்தோடு ஒட்டி வைத்து மூச்சை வாங்கிப் பார்ப்பேன். சளி இருந்தால் மூச்சிலேயே தெரிந்துவிடும். ஒருதடவைகூடத் தப்பியதில்லை. மூக்கு வியாபாரி என்று பெயர் எடுத்து, கையில் ஒன்றுமில்லாமல் வந்தவன் கடை வைத்து லாரி வாங்கியது அதனால்தான். அன்று அறுபது பன்றிக்கு அப்படிப் பார்த்து நாற்பதைப் பொறுக்கினேன். தள்ளிய இருபதையும் நீ உடனே தொழிற்சாலையின் இன்னொரு ஆளுக்கு ஏற்றிவிட்டாய், அவை எங்கே போய் இருமினவோ தெரியாது. நடுவில் எனக்கே இருமல். கையால் பொத்தி இருமிவிட்டு, அதே கையால் அடுத்த மூக்கைப் பிடித்தேன். மூன்று நாள் கழித்து அவை இருமின என்று நீ சொன்னபோது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் லாரியைத் திருப்பினேன்.

இத்தனை நாள் சொல்லாதவன் இப்போது ஏன் சொல்கிறான் என்று கேட்பாய். உன் கடிதத்தால் இல்லை. அதைப் படித்துவிட்டும் ஒரு வாரம் வாயைத் திறக்காமல்தான் இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை மில்காரர் மகன் கடைக்கு வந்தான். சட்டைக் கையை முடிச்சுப் போட்டிருந்தான். அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று எடைக்கல்லைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். வந்தவன் உட்கார்ந்தான்.

“ஒண்ணு கேக்கணும்ணே. நீங்க பன்னி தெரிஞ்ச ஆளு. ஆறாம் தேதி கூண்டு அடிக்கப் பலகை கொண்டு போய் ஒங்க தங்கச்சி பண்ணையில எறக்குனேன். ஒங்க மாப்ள இருமிக்கிட்டே ஆணி எடுத்துக் குடுத்தாரு. வீட்டுக்கு வந்து எனக்கு ரெண்டு நாள் லேசாக் காய்ச்ச. அப்புறந்தான் அவளுக்கு. அஞ்சாம் நாள் மூச்சு முட்டுதுன்னா. நாந்தான கொண்டு போய்க் குடுத்தேன்? அவளக் கொன்னது நாந்தான? பன்னிய அடிச்சா அது இல்லன்னு ஆயிடும்னு நெனச்சேன். சொல்லுங்கண்ணே, நானா?”

எனக்கு வியாபாரம் தெரியும். ‘இல்லப்பா, குட்டிக்காரரு குடுத்த குட்டி’ என்று சொல்ல வாய் வரை வந்தது. அவன் இடது கையால் அந்த முடிச்சைத் தடவிக்கொண்டே இருந்தான். என் வாயிலிருந்து வேறு வந்தது.

“நீ இல்ல. நான்.”

எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டான். எழுந்து, கடைப் பலகையை எடுத்து என் வாயில் அடித்தான். முன்பற்கள் நாலு போயின. விழுந்த பிறகும் நெஞ்சில் மிதித்தான். இடது கையால் சரியாகப் பிடிக்க வரவில்லை, பலகை நழுவி நழுவி விழுந்தது. அதை எடுத்து எடுத்து அடித்தான். சந்தையே நின்று பார்த்தது. பிடிக்க வந்தவர்களை நான்தான் கையைக் காட்டி நிறுத்தினேன். அவனாக ஓய்ந்து, என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான்.

பதினாலாம் தேதி நீதிமன்றத்தில் சொல்கிறேன். பன்றிகளைப் புதைக்கும் முன் மாட்டு டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பிய பரிசோதனை முடிவும் வந்துவிட்டது. பன்றிகளில் இருந்தது இந்த வருஷம் மனிதர்களிடம் சுற்றுகிற அதே காய்ச்சல்.

என்னை என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல்.

அண்ணன்


மே 4

அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வார்டர் அம்மா பிரித்துப் படித்துவிட்டுக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

வாய்ப் புண்ணுக்கு உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள்.

நாலு மாதம். அதில் முதல் இரண்டு மாதத்துக்குள் ஒரு நாள் சொல்லியிருந்தாலும் பதினொரு பன்றி கதவை முட்டிச் செத்திருக்காது. ஜனவரி ஐந்தாம் தேதியே சொல்லியிருந்தால் இவரைப் படுக்க வைத்திருப்பேன், பலகை இறக்க அந்த ஆளைப் பண்ணைக்குள் விட்டிருக்க மாட்டேன். அந்தப் பெண் இந்நேரம் பிள்ளையோடு இருந்திருப்பாள். காய்ச்சலோடு வந்ததை என்னால் மன்னிக்க முடியும். எனக்கும் தொழில் தெரியும், நானும் காய்ச்சலோடு தீவனம் போட்டிருக்கிறேன். ஐந்தாம் தேதி லாரியைத் திருப்பிவிட்டு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தீர்களே, அதைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். நீங்கள் வியாபாரி, விலை சொல்கிறேன். இவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மில்காரர் மகனும் குட்டிக்காரரும் இவரிடம் கேட்டது அதில் இருக்கிறது, நான் கேட்பதும் இருக்கிறது. பேரம் கிடையாது. எழுத்தில் ஒத்துக்கொள்ளுங்கள்.

தங்கை


மே 20

தங்கச்சிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். பல் கட்டவில்லை, அதனால் சாட்சிக் கூண்டில் நான் பேசியது பாதி யாருக்கும் புரியவில்லை. நீதிபதி மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். மூன்று தடவையும் சொன்னேன். மறைத்தாய் என்கிற புகார் தள்ளுபடி. மில்காரர் மகன் எழுந்து, வெட்டியதற்கு மேலே கொலை முயற்சி என்று வழக்கு வேண்டாம் என்று சொன்னான். அவன் அப்பா சட்டையைப் பிடித்து இழுத்தார், உட்காரவில்லை. கொலை முயற்சியைக் காயம் என்று குறைத்து ஐந்து மாதம் போட்டார்கள். நாலு மாதம் கழிந்துவிட்டது. ஜூன் பதினெட்டாம் தேதி காலையில் வெளியே வருவாய். என்மேல் தனியாக வழக்குப் பதிவாகும் என்கிறார் வக்கீலம்மா. ஆகட்டும்.

மாப்பிள்ளை வந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கி வாங்கி எல்லாவற்றையும் சொன்னார். ஒத்துக்கொண்டதை எழுதுகிறேன்.

சந்தையில் உள்ள என் கடை, இடத்தோடும் தராசோடும், மில்காரர் மகனுக்கு. அடுத்த மாதம் முதல் தேதி சாவியைக் கொடுக்கிறேன். இரண்டு பக்கமும் எல்லாப் புகாரும் வாபஸ். பன்றிகளை அடித்தவர்கள்மேல் மாப்பிள்ளை கொடுத்ததும் அதில் சேரும்.

லாரி குட்டிக்காரருக்கு. பதினொரு சினைப் பன்றி என் செலவில் வாங்கிக் கட்டுகிறேன். கொட்டிலுக்குக் கதவு மரத்தில் போட வேண்டும், இரும்பு வேண்டாம் என்றார். சரி என்றேன்.

சந்தையில் டீ குடிக்கிற இடத்திலும், உன் தெருவிலும், குட்டிக்காரர் தெருவிலும் நடுப்பகலில் நின்று, கொண்டு வந்தவன் நான்தான் என்று சொல்ல வேண்டும். இரண்டு இடத்தில் சொல்லிவிட்டேன். ஓரிடத்தில் கல் விழுந்தது. மூன்றாவது, நாளைக்கு.

பன்றித் தொழிலை விட வேண்டும். விட்டேன்.

உன் விலை ஒன்றுதான்: உன் வீட்டு வாசலை நான் மிதிக்கக் கூடாது. எத்தனை வருஷத்துக்கு என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். “அவ வருஷம் எதுவும் சொல்லல மச்சான்” என்றார். அந்த இடத்தில் ஆயுளுக்கும் என்று நானே எழுதி, கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்துவிட்டேன்.